முப்பதுக்குக் கீழே

வக்கீல் தமயந்தியைத் தேடி வருகிறவர்கள் முதலில் எண்ணைச் சொல்வார்கள், பெயர் அப்புறம்தான். "மேடம், எனக்கு இருபத்தாறு, அவருக்குப் பத்தொன்பது" என்பார்கள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள். தமயந்தியும் குறித்துக்கொண்டு, "ஆறு வாரத்துல முடிஞ்சிடும்" என்பாள். பெரும்பாலும் ஐந்தே வாரத்தில் முடித்தும் கொடுத்துவிடுவாள்.

கிருஷ்ணவேணி எண்ணைச் சொல்லவில்லை. திருச்சி கண்டோன்மென்ட்டில் இருந்த அந்த மாடி அலுவலகத்துக்கு ஒரு புதன்கிழமை காலையில் வந்தவள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெயரைச் சொன்னாள். வயது முப்பத்தெட்டு என்றாள். ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்றாள்.

"அளந்தாச்சா?" என்று தமயந்திதான் கேட்டாள்.

"ஆச்சு மேடம். எனக்கு எழுபத்தொண்ணு. அவருக்கு எண்பத்தெட்டு."

தமயந்தி பேனாவை மூடினாள். "அப்ப எதுக்கும்மா என்கிட்ட வந்திருக்கீங்க?"

"அவரை விட்டுப் போகணும்."

"சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரியும்ல?"

"தொப்பி மாதிரி ஒண்ண மாட்டி, அவர் குரலைக் கேக்க வச்சாங்க. ஒரு நம்பர் சொன்னாங்க. மனு செல்லாதுன்னு அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"அதுக்குப் பேரு பற்றுமானி. கட்டுனவங்க குரலைக் கேக்கும்போது உங்களுக்குள்ள என்னென்ன அசையுதுன்னு பார்த்து, நூத்துக்கு எவ்வளவுன்னு சொல்லும். ரெண்டு பேரும் முப்பதுக்குக் கீழே இருந்தா கோர்ட்டுல யாரும் யாரையும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம். ரெண்டு பேரும் மேலே இருந்தா கல்யாணம் இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். உடம்புல காயம் இருந்தாத்தான் மனுவையே எடுப்பாங்க. அடிச்சாரா?"

"ஒரு நாளும் இல்ல மேடம். அதட்டிக்கூடப் பேசினதில்ல."

"வேற யாராவது?"

"என்னைத் தவிர அவருக்கு யாருமே கிடையாது. அதான் மேடம் பிரச்சினை."

கிருஷ்ணவேணி இயன்முறை மருத்துவம் படித்தவள். எலும்பு முறிந்தவர்களை நடக்கவைக்கிற வேலை. கணவன் மாசிலாமணி தினமும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தான். யார் கையைப் பிடித்தாய், யார் தோளைத் தொட்டாய் என்று அவன் கேட்டதே இல்லை. அவள் வெளியே வரும்போது கண் கலங்கி நின்றிருப்பான், அவ்வளவுதான். அதைப் பார்க்க முடியாமல் அவளே வேலையை விட்டாள். அப்புறம் அவன் வீட்டு வாசற்கதவில் ஒரு கருவியைப் பொருத்தினான். கதவு திறந்தால் அவன் கைப்பேசிக்குச் சேதி போகும். அடுத்த வருடம் சன்னல்களிலும் பொருத்தினான். சேதி போன அரை நிமிடத்தில் அவளுக்கு அழைப்பு வரும். "ஒண்ணுமில்ல வேணி, சும்மாதான். காத்து வாங்குனியா?" என்பான், குழைந்த குரலில்.

"எனக்குக்கூடப் பழகிடுச்சு மேடம். போன வாரம் என் பொண்ணு யாழியை ஸ்கூல்ல கிளாஸ் சன்னலைத் திறக்கச் சொல்லியிருக்காங்க. திறந்துட்டு டீச்சர்கிட்ட ஓடிப்போய், அப்பாகிட்ட போன்ல சொல்லணும்னு அழுதிருக்கா." அவள் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். "நான் அவரை வெறுக்கலை. வெறுத்துப் பார்த்தேன், வரலை. அவர் குரலைக் கேட்டா இப்பவும் எனக்கு நல்லாத்தான் இருக்கு. அதுக்காக என் பிள்ளையும் இப்படியே வளரணுமா?"

தமயந்தி மூடிய பேனாவைத் திறந்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டாள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றாள் கடைசியில்.

அந்தச் சட்டம் வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. வந்தபோது கைதட்டி வரவேற்றவர்களில் தமயந்தியும் ஒருத்தி. அதற்கு முன்பு குடும்ப நீதிமன்றம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆன கையோடு வழக்குப் போட்டு, தலை நரைத்த பிறகு தீர்ப்பு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறாள். சும்மா பிரிய முடியாது என்பதால், பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று புருஷனும், புருஷன் ஆம்பிளையே இல்லை என்று பெண்டாட்டியும் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்த காலம். பற்றுமானி அந்தச் சாக்கடையை ஒரே வருடத்தில் துடைத்துவிட்டது. யாரும் யாரையும் கேவலப்படுத்த வேண்டியதில்லை. ஓர் எண் போதும்.

எண் கோர்ட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதல் கல்யாணத்தின் எண்ணைக் கேட்டார்கள். மருமகளை ஆறாவது மாதம் அளக்கச் சொன்ன மாமியார்கள் இருந்தார்கள். தொண்ணூறு வாங்கியவன் சீட்டைக் கண்ணாடி போட்டு வீட்டு முகப்பில் மாட்டினான். நாற்பது வாங்கியவன் வீட்டில் ஒரு வாரம் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

தமயந்தியின் கைராசி ஊரறிந்தது. அவளிடம் போனால் எண் முப்பதுக்குக் கீழே வரும். அதன் ரகசியம் ஒரே ஒரு வாக்கியம்: "கோபம் ஆறுறதுக்குள்ள போய் அளந்துட்டு வந்துடுங்க." கட்சிக்காரர் அழுதுகொண்டு வந்தால் திருப்பி அனுப்புவாள். கொதித்துக்கொண்டு வந்தால் அன்றைக்கே அளவை அறையில் நேரம் வாங்கிக் கொடுப்பாள். இப்படி ஆயிரத்து நானூறு விவாகரத்துகள்.

இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தன்னிடமிருந்தே கற்றுக்கொண்டது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். திருமாறன். கடலடியை அளந்து வரைபடம் போடுகிற வேலை. ஒரு நாள் போர்ட் பிளேரில் பெரிய பொறுப்பு கிடைத்தது என்று வந்து நின்றான். அவள் அப்போதுதான் சொந்தமாக அலுவலகம் போட்டு எட்டு மாதம். நீ வா என்றான் அவன். நீ போகாதே என்றாள் அவள். "உன் கேஸ் கட்டோடயே குடித்தனம் நடத்து" என்று அவன் சொன்னதும், "உங்களுக்குத் தண்ணிதான் பொண்டாட்டி" என்று அவள் சொன்னதும் ஒரே சாயங்காலத்தில் நடந்தது. மூன்றாம் நாள் இருவரும் அளவை அறையில் இருந்தார்கள். அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்கு இருபத்து நான்கு. மாதம் முடிவதற்குள் பிரித்துவிட்டார்கள்.

அந்தக் கோபம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒரு காலை, கோர்ட்டுக்குக் கிளம்பும்போது, இரண்டு டம்ளரில் காபி ஊற்றி வைத்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றைக் குடித்தாள். மற்றொன்றையும் குடித்தாள். அதன் பிறகு பத்து வருடம் அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கு அவள் வேலை செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் போன் நம்பர் அவளிடம் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். அவள் தன்னை மறுபடி அளந்துகொள்ளவும் இல்லை. என்ன எண் வரும் என்று அவளுக்கு ஒரு ஊகம் இருந்தது. ஊகமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கிருஷ்ணவேணியின் வழக்கை எடுப்பதாக இருந்தால் ஒரே வழிதான். எண் அதிகம் இருப்பதாலேயே சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்பது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். பிரிந்து நல்லபடியாக வாழ்கிற ஒருவர், மறுபடி அளந்துகொண்டு, பற்று இருக்கிறது என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

பழைய கட்சிக்காரர்கள் மூன்று பேரைத் தேடிப் போனாள். ஒருத்தி காபி கொடுத்தாள், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னொருத்தருக்கு மறுமணம் ஆகி இரண்டு பிள்ளைகள். "மேடம், இப்ப நான் அளந்து ஐம்பது வந்தா, உள்ள சமைச்சிட்டிருக்காளே, அவ முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" என்றார் மெதுவாக. மூன்றாவது ஆள் கதவையே திறக்கவில்லை.

மறுநாள் காலை தமயந்தி கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு சக வக்கீல் பிலோமினாவின் அறைக்குப் போனாள். இருவரும் ஒரே பெஞ்சில் சட்டம் படித்தவர்கள்.

"இந்த வழக்குக்கு நீ வகாலத்துப் போடணும்" என்றாள்.

பிலோமினா கட்டைப் புரட்டினாள். "எழுபத்தொண்ணு, எண்பத்தெட்டு! ஏன்டி, இதுல ஜெயிக்க முடியாதுன்னு என் தலையில கட்டுறியா?"

"நான் ஆஜராக முடியாது. நான்தான் சாட்சி. சாட்சி சொல்றவளே வாதாட முடியாதே."

பிலோமினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "எவ்வளவு வரும்னு நினைக்கிற?"

"தெரியாது."

"பொய் சொல்லாத."

"முப்பதுக்கு மேல வரும்."

"உன் பேரு போயிடும் தமயந்தி. நீ வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு தீர்ப்பையும் தோண்டுவாங்க."

"அந்த ஒன்பது வயசுப் பிள்ளை கிளாஸ்ரூம் சன்னலைத் திறந்துட்டு அழுதிருக்கா பிலோ."

பிலோமினா வகாலத்துத் தாளை உருவினாள்.

அளவை அறை நீதிமன்றக் கட்டடத்தின் பின்புறம் இருந்தது. பொறுப்பாளர் ஹபீபா நடுத்தர வயதுக்காரி, தமயந்தியைப் பல வருடமாகத் தெரியும். "மேடம், கட்சிக்காரர் எங்க?" என்று கேட்டவள், விஷயம் தெரிந்ததும் நாற்காலியின் தலைசாய்வைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"குரலுக்கு என்ன பண்றது?" என்றாள் தமயந்தி. "அவர்கிட்ட கேக்க விருப்பமில்ல."

"பழைய பதிவு இருக்கு மேடம். நாங்க எதையும் அழிக்கிறதில்ல. பதினோரு நிமிஷம்."

குரலைப் பதியும்போது எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும். யாருக்கும் எந்த உணர்ச்சியும் வரக்கூடாது என்று அரசு தேர்ந்தெடுத்த பக்கம் அது. மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை.

ஹபீபா தொப்பியைப் பொருத்தி விளக்கைத் தணித்தாள். ஒரு செருமல் கேட்டது. தமயந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலில் தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை மூடவும்" என்றான் திருமாறன். "மீதமுள்ள நீரை முழுவதுமாக வெளியேற்றவும்."

அதே குரல். 'ழ'வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிற தஞ்சாவூர்க் குரல். அன்றைக்கு அதைக் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இன்று அவன் மூச்சு வாங்குகிற இடங்கள் கேட்டன. 'அடியில் படிந்திருக்கும் வண்டலை மெதுவாகச் சுரண்டவும்' என்று வந்தபோது 'மெதுவாக' என்ற சொல்லில் அவன் தடுக்கி, மறுபடி வாசித்தான். முந்தின இரவுகளில் அவனும் தூங்கவில்லை என்பது பதினோரு வருடம் கழித்து அவளுக்குத் தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் எத்தனை கரண்டி, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். இன்னும் பத்துத் தொட்டி கழுவச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

"முடிஞ்சது மேடம்." ஹபீபா விளக்கைப் போட்டாள். சீட்டை அவள் கையில் கொடுக்காமல் மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

எண்பத்து நான்கு.

வழக்கு வந்த நாளில் கோர்ட் நிரம்பியிருந்தது. நீதிபதி கனகவல்லி பொறுமைக்குப் பேர்போனவர். மாசிலாமணி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத, இளைத்த முகம். பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். அவனை விசாரித்தபோது கைகூப்பி நின்றான். "எண்பத்தெட்டு வந்திருக்கும்மா. இதுக்கு மேல நான் என்னத்த நிரூபிக்கணும்?" என்றான். கிருஷ்ணவேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிலோமினா தமயந்தியைக் கூண்டில் ஏற்றி, அவளுடைய இரண்டு எண்களையும் பதிவு செய்தாள். பிறகு மாசிலாமணியின் வக்கீல் சிவசிதம்பரம் எழுந்தார். தமயந்தியைவிட மூத்தவர், மரியாதை தெரிந்தவர், கத்தி போலக் கேள்வி கேட்கிறவர்.

"எண்பத்து நாலு. மனுதாரரைவிடப் பதிமூணு அதிகம். இவ்வளவு பற்று இருக்கிறவங்க, பதினோரு வருஷத்துல ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பண்ணியிருக்கலாம்" என்றாள் தமயந்தி.

"அப்ப உங்க விவாகரத்தே தப்பு. அன்னைக்குக் கருவி பொய் சொல்லிடுச்சு."

"இல்லைங்க. அன்னைக்கு இருபத்திரண்டு நிஜம். பற்றுக்கு மேல கோபம் படிஞ்சிருந்தது. கருவி மேலாப்புல என்ன இருக்கோ அதைத்தான் பார்க்கும். அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகு..." பிலோமினா வேண்டாம் என்பது போலக் கண்ணைக் காட்டினாள். "தெரிஞ்ச பிறகு அதையே தொழிலாக்கிட்டேன். என் கட்சிக்காரங்களை எல்லாம் கோபம் ஆறுறதுக்குள்ள அளக்க அனுப்பினேன். ஆயிரத்து நானூறு பேர். அவங்கள்ல எத்தனை பேருக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கலை."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

சிவசிதம்பரம் குரலைத் தணித்தார். "இன்னைக்கு அவர் வந்து கூப்பிட்டா, போவீங்களா?"

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நான் அங்க போயிருந்தா, கேஸ் இல்லாம, ஒவ்வொரு நாளும் அவர்மேல குத்தம் கண்டுபிடிச்சிருப்பேன். அவர் இங்க இருந்திருந்தா, கடல் இல்லாம, சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அன்பு இல்லாமப் போகலை. சேர்ந்து இருக்க இடம் இல்லாமப் போச்சு. எண்பத்து நாலுங்கறது ஒரு சேதிங்க. அது உத்தரவு ஆகாது. மனுதாரருக்கும் அப்படித்தான். அவங்க புருஷன் மேல அவங்களுக்கு உசுரு. அந்த வீட்டுல அவங்க பிள்ளைக்கு மூச்சு முட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கக் கூடாதா?"

எல்லாம் தெளிவாகத்தான் சொன்னாள். 'மாட்டேன்' என்ற அந்த ஒரு சொல் மட்டும் உண்மைதானா என்று கூண்டைவிட்டு இறங்கும்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பற்று இருப்பது ஒருவரை இன்னொருவரோடு கட்டிவைப்பதற்குக் காரணம் ஆகாது என்று நீதிபதி எழுதியிருந்தார். கிருஷ்ணவேணிக்கு விவாகரத்து. மகள் தாயோடு.

வெளித் தாழ்வாரத்தில் மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிருஷ்ணவேணி யாழியின் கையைப் பிடித்தபடி அவனைக் கடந்து போக வேண்டியிருந்தது.

"சாப்பிட்டியா வேணி?" என்றான்.

"சாப்பிட்டேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட வண்டி ஓட்டாதீங்க."

படியிறங்கி, வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவள் நிமிர்ந்து நடந்தாள். அங்கே போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தமயந்தி தூரத்திலிருந்து பார்த்தாள். கிட்டே போகவில்லை.

பிலோமினா சொன்னபடியே ஆனது. புதுக் கட்சிக்காரர்கள் குறைந்தார்கள். பழையவர்கள் வந்தார்கள், சண்டைக்கு. ஒருவர் மட்டும் சண்டை போடவில்லை. ஏழு வருடத்துக்கு முன் அவள் பிரித்துவைத்த கணித ஆசிரியர். "மேடம், அன்னைக்கு நீங்க ஒரு மாசம் பொறுங்கன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார். உடனே, "இல்ல, சும்மாதான் கேட்டேன். அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை முற்பகலில் ஹபீபா கூப்பிட்டாள். "மேடம், உங்க ஃபைலை மூடணும். ஒரு கையெழுத்து பாக்கி. நேர்ல வந்தா நல்லது."

தமயந்தி போனபோது அளவை அறையில் வேறு யாரும் இல்லை. ஹபீபா ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"நீங்க அன்னைக்குப் போட்ட படிவம் ஒன்பது தெரியும்ல மேடம்?"

"தெரியும். பிரிஞ்சவங்க விருப்பப்பட்டா திரும்ப அளந்துக்கலாம். என் கட்சிக்காரங்க யாருக்கும் போட்டதில்ல. யாராவது போடுறாங்களா?"

"ரொம்பக் கம்மி." ஹபீபா கைகளைக் கோத்துக்கொண்டாள். "அதுல கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு. என் அளவை எதிர்தரப்புக்குக் காட்டலாமான்னு. உங்க அளவைப் பதிய ஃபைலை எடுத்தப்பத்தான் பார்த்தேன். அதோட இன்னொரு உறை கட்டியிருந்தது. வேற ஊர் அளவை அறையிலருந்து வருஷா வருஷம் அனுப்பியிருக்காங்க. 'அவர் தாமாக வந்து அளந்தால் மட்டும் காட்டவும்'னு எழுதியிருக்கார். நீங்க அளந்துட்டீங்க. அதனால காட்டணும்."

உறையில் ஒன்பது தாள்கள் இருந்தன. எல்லாம் ஒரே அச்சுப் படிவம். மேலே திருமாறனின் கையெழுத்து, நடுவில் எண், கீழே 'அளவீடு கோரும் காரணம்' என்று ஒரு கட்டம்.

பிரிந்த முதல் வருடம் எண்பத்தொன்று. காரணம்: 'தெரிந்துகொள்ள.'

இரண்டாம் வருடம் எழுபத்தொன்பது. 'சும்மா.'

மூன்றாம் வருடம் எழுபத்திரண்டு. 'சும்மா.' நான்காம் வருடம் அறுபத்தாறு. 'சும்மா.'

ஐந்தாம் வருடம் எண் ஏறியிருந்தது. எழுபத்தெட்டு. கட்டத்தில் ஒரு வரி: 'அம்மா காரியத்துக்கு வந்திருந்தாள்.'

தமயந்தி தாளைக் கீழே வைத்தாள். அவன் அம்மா இறந்தபோது யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. தஞ்சாவூர் போய், அவன் வீட்டுத் தெருவில் பந்தலுக்கு வெளியே, எதிர்வீட்டு மதில் ஓரமாகக் கால் மணி நேரம் நின்றாள். அவன் மொட்டைத் தலையோடு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் பார்க்கவில்லை என்று நினைத்து அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டாள். யாரிடமும் சொன்னதில்லை, பிலோமினாவிடம்கூட.

ஆறாம் வருடம் எழுபது. ஏழாம் வருடம் ஐம்பத்திரண்டு. எட்டாம் வருடம் முப்பத்தேழு. எல்லாவற்றிலும் 'சும்மா' மட்டும்தான்.

கடைசித் தாளில் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. இருபத்தாறு. கட்டத்துக்குள் அடக்கமாக எழுதியிருந்தான்: 'இதுதான் கடைசி. அவள் நன்றாக இருக்கட்டும்.'

எட்டு வருடம். அவன் எண் முப்பதுக்கு மேலேயே இருந்த அந்த எட்டு வருடத்தில் எந்த ஒரு நாள் அவள் இந்தப் பின்கட்டுக்கு நடந்து வந்திருந்தாலும் போதும். அவள் உட்கார்ந்திருந்த கோர்ட் அறையிலிருந்து இங்கே வர நாற்பது அடிகூட இல்லை. மற்றவர்களை ஆயிரத்து நானூறு முறை இந்தக் கதவு வரை கூட்டிவந்து விட்டிருக்கிறாள்.

ஹபீபா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தமயந்தி குடித்தாள். தாள்களை வரிசை மாறாமல் உறைக்குள் போட்டாள்.

"உங்க அளவை அவருக்குத் தெரிவிக்கணுமா மேடம்? நீங்க சொன்னா அனுப்பிடலாம்."

"வேண்டாம்" என்றாள் தமயந்தி. "அவர் இறங்கிட்டார். மறுபடி ஏத்த வேண்டாம்."

"சரி மேடம்." ஹபீபா தமயந்தியின் சொந்தப் படிவத்தை நகர்த்தினாள். "இதுல மட்டும் ஒரு கட்டம் காலியா இருக்கு. காரணம் எழுதலை. அது இல்லாம மூட முடியாது."

தமயந்தி பேனாவைத் திறந்தாள். 'சாட்சியத்துக்காக' என்று எழுதினாள். அது உண்மைதான், சட்டப்படியும் சரியானதுதான். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே கோர்ட் டவாலி யார் பெயரையோ மூன்று முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த இடத்தில் 'சும்மா' என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.